மஸ்தானின் காதை யாரும் பார்க்கவில்லை

என் தம்பிக்குப் பைத்தியம் என்று அந்த டாக்டர் சொன்னது பொய். வாய் தவறிச் சொன்னதல்ல. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல், நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்ன பொய்.

அவர் பெயரை எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுத மாட்டேன். மயிலாப்பூர்ப் பக்கத்தில் தருமத்துக்கு நடக்கிற ஆஸ்பத்திரி என்றால் போதும். இதைப் படித்தவுடன் அவருக்குத் தெரிந்துவிடும். தெரியத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் தகரப் பெட்டி செய்து விற்கிற கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. மஸ்தான் என் ஒரே தம்பி. முப்பதை நெருங்குகிறவன். உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. நடந்தது தாமதம், பேசியது அதைவிடத் தாமதம். இன்றைக்கும் சோறு, தண்ணி, வேணாம், அண்ணன் என்பதற்கு ‘ணே’, இப்படிச் சில சொற்கள்தான். இப்படிப் பிறந்தவர்களுக்குத் தெருவில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் சொன்னவன் ஒருவனை நான் கடையை விட்டு இறங்கிப் போய் அடித்திருக்கிறேன்.

அவன் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவன் அல்ல. வர்ணம் அடிப்பதற்கு முன் தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அவன் வேலை. அவன் தேய்த்த தகரத்தில் கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். தன் காரியங்களையும் தானே பார்த்துக்கொள்வான். பல் தேய்ப்பான், குழாயடியில் குளிப்பான், கைலி கட்டுவான், சட்டைக்குப் பித்தான் போடுவான், தலை சீவி வெள்ளைத் தொப்பியை இரண்டு காதும் மூட இறக்கி வைப்பான். தன் கையால்தான் சாப்பிடுவான். இதெல்லாம் தானாக வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பித்தான் ஒன்றுக்கு மட்டும் ஒரு நோன்பிலிருந்து அடுத்த நோன்பு வரை ஆனது. கற்றுக்கொடுத்ததில் பாதிக்கு மேல் என் மனைவி ஜுலைகா.

அவனுக்கு ஒன்றைச் செய்ய வேண்டுமானால் முதலில் இன்னொருவருக்குச் செய்து காட்ட வேண்டும். நகம் வெட்டுவதானால் முதலில் என் நகம். நாவிதர் வந்தால் முதலில் என் தலை. அவன் பக்கத்தில் குந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் கத்தவில்லை என்று நிச்சயமானால் அவனே வந்து உட்காருவான். வரிசையை மாற்றி முதலில் அவனைத் தொட்டால் நாலு ஆள் சேர்ந்தாலும் பிடிக்க முடியாது.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஜனங்களிடம் ‘எப்படி இருக்கிறாய்’ என்று யார் கேட்டாலும் ‘அல்ஹம்துலில்லா’ என்போம். அல்லாவுக்கே புகழ் என்று அர்த்தம். தலைவலியானாலும் அதுதான், வீட்டில் மையித்து, அதாவது சாவு, விழுந்திருந்தாலும் அதுதான். அதைச் சொல்லிவிட்டுத்தான் பிறகு குறையைச் சொல்வோம். எங்கள் அத்தா உயிரோடு இருந்தபோது மஸ்தானுக்கு இதைப் பழக்கினார். வேறு எந்தச் சொல்லும் அவன் வாயில் அவ்வளவு சுத்தமாக வராது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அதைக் கேட்பதற்கென்றே அவனை நலம் விசாரிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அவனுக்குத் தெரிந்தது முதல் பாதி மட்டும். அடுத்து வருகிற குறையைச் சொல்ல அவனுக்கு வராது.

மழை விட்டு வெயில் திரும்பிய சமயம் அவனுக்குச் சளி பிடித்தது. வழக்கமாக வருவதுதான் என்று கஷாயம் கொடுத்தோம். ஒரு நாள் காலையில் ஜுலைகா கடைக்குள் வந்து நின்றாள்.

“என்னங்க, மஸ்தான் தொப்பி போடமாட்டேங்குறான்.”

“இருக்கட்டும், அப்புறம் போடுவான்.”

“இல்லீங்க. நேத்தும் போடலை. எடுத்துக் குடுத்தாத் தூக்கி எறியுறான். ஏதோ இருக்கு.”

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. நான் பெட்டி மூடிக்கு ஆணி அடிக்க ஆரம்பித்ததும் அவன் உப்புத்தாளைப் போட்டுவிட்டு ஓடிப் பின்கட்டில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பிறந்ததிலிருந்து சுத்திச் சத்தத்தில் வளர்ந்தவன். பிறகு ஜுரம் வந்தது. சோற்றைத் தள்ளினான். தலையைச் சுவரில் மோதினான், உள்ளங்கையால் தலையில் அறைந்துகொண்டான். எதிர்வீட்டு அம்மாள் தர்காவுக்குக் கொண்டுபோய்க் கட்டிப்போடச் சொன்னாள். கட்டுவது என்ற பேச்சே எனக்கு ஆகாது. ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கட்டுவதை அங்கேதான் வைத்திருந்தார்கள் என்று அப்போது தெரியாது.

மர பெஞ்சில் கூட்டத்தோடு உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த மோட்டார்க்காரர்கள் எங்களுக்கு முன்னால் போனார்கள். அதற்குக் காரணம் கேட்டதற்குப் பியூன், “அவங்க கேஸு வேற” என்றான். என்ன வேறே என்று கேட்டேன். அவன் அடுத்த பெயரைக் கூப்பிட்டான். எங்கள் முறை வந்தபோது மஸ்தான் நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தான்.

“என்ன உடம்புக்கு?” என்றார் டாக்டர்.

“ஜுரம் ஐயா. சாப்பிடறதில்லை. தலையில அடிச்சிக்கிறான். தொப்பி போடமாட்டேங்கிறான்.”

டாக்டர் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் சிரித்தார். “தொப்பி போடலைன்னா பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டப் போகணும் பாய். இங்கே ஏன் வந்தே?” என்றார் டாக்டர். பிறகு மஸ்தானிடம், “என்னப்பா, எப்படி இருக்கே?”

“அல்ஹம்துலில்லா.”

“நல்லாயிருக்கேங்கிறான் சார்” என்றார் கம்பவுண்டர். இந்த அளவுக்கு அவருக்கு எங்கள் பாஷை தெரிந்திருந்தது.

“ஐயா, அது அப்படி இல்லை, அவனுக்கு...” என்று நான் ஆரம்பித்தேன்.

“நான் அவனைக் கேட்டேன். உன்னைக் கேக்கலை.”

இந்த வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நோயாளியிடமே கேட்பது நல்ல வழக்கம்தான். கேட்டுவிட்டு அவனைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு அவன் வாயைத் திறக்கப் போனார். எனக்குச் செய்து காட்டச் சொல்ல அவகாசம் இல்லை. மஸ்தானின் கை வீசியது, கரண்டி மூலையில் போய் விழுந்தது. அந்த நிமிஷத்திலேயே அவர் முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடியதுதான்.

வார்டில் சேர்த்தார்கள். ஆண்கள் வார்டு. சொந்தக்காரர்கள் தங்கக் கூடாது, சாயங்கால மணி அடித்தால் வரலாம், அடுத்த மணிக்குப் போய்விட வேண்டும். இவன் தானாகப் பேச மாட்டான், நான் கூட இருந்தால்தான் ஆகும் என்று கெஞ்சினேன். சட்டம் என்றார்கள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மலேரியாக் கிருமி ரத்தத்தில் இருந்தால் பூதக்கண்ணாடியில் தெரியுமாம். இல்லை என்றார்கள். கையிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். அது டைபாய்டு என்கிற குடல் ஜுரமா என்று பார்க்க. அதுவும் இல்லை என்றார்கள். இரண்டு தடவையும் மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கித்தான் எடுத்தார்களாம். எனக்கு ஒரு குத்துக் குத்தியிருந்தால் அவன் தானே விரலை நீட்டியிருப்பான்.

நான் கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரி வளாகத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்தால் எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும். வார்டுக்குப் போகிற பால் ஏன் நீலமாக இருக்கிறது? எல்லோருக்கும் ஒரே ரோஜா நிற மருந்து ஏன்? வாசலில் நிற்கிறவன் ஏன் என் கையையே பார்க்கிறான்? தரும ஆஸ்பத்திரி என்று பெயர். உள்ளே போக வாசல்காரனுக்கு, வென்னீர் கொடுக்க இன்னொருவனுக்கு, துணி மாற்ற வேறொருவனுக்கு. பெட்டி செய்ய வாங்கி வைத்திருந்த தகரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அதைப் பற்றி இங்கே புலம்பவில்லை. தம்பிக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது.

மூன்றாம் நாள் சாயங்காலம் மணி அடித்து உள்ளே போனேன். மஸ்தானின் இரண்டு மணிக்கட்டும் கட்டில் கம்பியோடு பட்டைத் துணியால் கட்டியிருந்தது. என்னைப் பார்த்து, “ணே, ணே” என்றான். 

“யார்ரா கட்டினது?” என்று கத்தினேன்.

வார்டு ஆள் தாஸ் ஓடி வந்தான். “சத்தம் போடாதே பாய். நான் இன்னா பண்றது? பெரியவரு உத்தரவு. தலைய மடேர் மடேர்னு அடிச்சிக்கினு கீறாரு. ஒத்தரையும் கிட்ட உடமாட்டேன்றாரு.”

“சாப்பிட்டானா?”

“எங்க சாப்டறாரு? கஞ்சி ஊட்னா மூஞ்சில துப்பறாரு.”

“அவன் தன் கையாலதான்யா தின்பான். கையைக் கட்டிட்டு ஊட்டினா?”

“அத்த அவருகிட்ட சொல்லு” என்று தாஸ் டாக்டர் அறைப் பக்கம் மோவாயைக் காட்டினான்.

கட்டை அவிழ்த்தேன். கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தேன். வாயை நன்றாகத் திறக்க முடியாமல், விரல் நுனியில் எடுத்து, கொஞ்சம் தின்றான். மணி அடித்து நான் வெளியே வந்ததும் மறுபடி கட்டிவிட்டார்கள் என்று அடுத்த நாள் தெரிந்தது. சொன்னவர் பக்கத்துக் கட்டில் ஏழுமலை. நொச்சிக்குப்பத்துக்காரர். கட்டுமரம் புரண்டு கால் எலும்பு முறிந்து, காலுக்கு மணல் மூட்டையைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தார்.

“பாய், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதே. உன் தம்பி சொல்றாரே, அது இன்னா மந்திரம்?”

“எது?”

“காத்தால டாக்டரு வர்றாரு. ‘எப்டிப்பா கீறே’ன்றாரு. உன் தம்பி கையக் கட்டிப் போட்டுக் கெடக்க சொல்லோ, கண்ணுல தண்ணி ஊத்திக்கினு கீது, ‘அல்லம்துல்லா’ன்றாரு. அவரும் ‘குட்’டுன்னு எழுதிக்கினு என்னாண்ட வந்துடறாரு. தெனமும் இதான். நான் ஐயோ அம்மான்னு கத்தறேன், எனக்குத்தான் மருந்து. அந்த மந்திரத்தச் சொல்லாம இருந்தா அவருக்கும் எதுனா குடுப்பாங்கோ பாய்.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.  எப்படி இருக்கிறாய் என்று தினமும் கேட்டிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறேன் என்று தினமும் பதில் கிடைத்ததாக எழுதியிருக்கிறார்கள். வலி இல்லாதவன் தலையில் அடித்துக்கொண்டால் என்ன? பைத்தியம்.

அன்றைக்கே டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். அதுவே எனக்குச் சந்தேகம்.

“பாய், ஜுரத்துக்கான சோதனை எல்லாம் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லை. இது மூளைக் கோளாறு. கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடலாம். மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கணும். நீயும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டா சுருக்கா முடியும்.”

“அவன் பொறந்ததிலேர்ந்து இப்படித்தான் ஐயா. புத்தி கம்மி, பைத்தியம் இல்லை. இப்பத்தான் தலையில அடிச்சிக்கிறான். புதுசா ஏதோ வந்திருக்கு.”

“பைத்தியம் முத்தியிருக்கு.”

“அப்ப ஜுரம்?”

“பைத்தியத்துக்கு ஜுரம் வரக்கூடாதுன்னு இருக்கா?”

“அப்படின்னா அந்த ஜுரத்துக்கு மருந்து குடுங்க!”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் கம்பவுண்டரிடம் ஏதோ சொன்னார். ஏன் இத்தனை அவசரம் என்று வெளியே வந்து தாஸிடம் விசாரித்தேன். தருமம் கொடுக்கிற பெரிய மனிதர்கள் வார்டைப் பார்க்க வரப்போகிறார்களாம். அப்போது ஒருவன் கட்டிலில் கட்டுண்டு கிடந்தால் நன்றாகவா இருக்கும்? இதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. வேறு காரணம் இருந்தால் அவர் சொல்லட்டும்.

கீழ்ப்பாக்கம் போய் வீடு திரும்பினவர்கள் இருக்கலாம். என் தம்பி திரும்ப மாட்டான். எப்படி இருக்கிறாய் என்று அங்கே கேட்டாலும் அவன் அதே பதில்தான் சொல்லுவான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. வார்டுக்குப் போய் அவன் கட்டிலில் உட்கார்ந்தேன். அன்று ஜுலைகாவும் வந்திருந்தாள். ஆண்கள் வார்டு என்று வாசலிலேயே தடுத்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து வந்துவிட்டாள். தலையணையை மாற்றுவதற்கு அவன் தலையைத் தூக்கப் போனவள் நின்றாள்.

“இங்க பாருங்க. ஒரு பக்கந்தான் கறை.”

தலையணையின் இடது பக்கம் மஞ்சளாகத் திட்டு. மூக்கை வைத்தேன். அழுகின வாடை. அப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். இடது காது வலது காதைப் போல ஒட்டியிருக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ விரலால் தள்ளினாற்போல முன்னுக்கு வந்திருந்தது. காதுக்குப் பின்னால் பளபளவென்று வீக்கம். காலையும் மாலையும் எத்தனை பேர் அந்தக் கட்டிலைக் கடந்து போனார்கள்! கட்டுப் போட்டவன் மணிக்கட்டைப் பார்த்திருக்கிறான். கஞ்சி ஊட்டியவன் வாயைப் பார்த்திருக்கிறான்.

வார்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “காது டாக்டர் நாளைக்கு வெளிநோயாளிகளைப் பார்க்க வருவார். வேற ஆஸ்பத்திரிக்காரர், வாரம் ஒரு தரம் வருவார். வராந்தாவிலேயே அவரைப் பிடிச்சிக்கோங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

ஏன் சொல்லக் கூடாது? உள்ளே கூட்டிப்போய் ஏதாவது கையெழுத்து வாங்குகிற தந்திரமா? வழியெல்லாம் இதையே ஜுலைகாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

“எல்லாரையும் சந்தேகப்பட்டா யார்கிட்டத்தான் காட்டறது?” என்றாள்.

“எல்லார்கிட்டயும் காட்டுவோம். யாரையும் நம்ப வேணாம்.”

“அப்ப சரி. நாளைக்கு வெள்ளனப் போங்க.”

காது டாக்டர் வயதானவர். நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். வராந்தாவில் அவர் வழியை மறித்து நின்றேன். வீக்கம், காது முன்னால் தள்ளியிருக்கிறது என்றதும் வேறொன்றும் கேட்காமல் வார்டை நோக்கி நடந்தார். அந்த வேகமும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கட்டிலருகே போய், கட்டைப் பார்த்து முகம் சுளித்து, மஸ்தானின் தலையைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

“ஐயா, நில்லுங்க. முதல்ல என் காதைப் பாருங்க” என்றேன்.

“உனக்கென்ன?”

“எனக்கு ஒண்ணும் இல்லை. எனக்குப் பார்த்தாத்தான் அவன் காட்டுவான்.”

என்னைப் பைத்தியம் என்பாரோ என்று காத்திருந்தேன்.  அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். என் காதில் சிறு குழலை வைத்து வெளிச்சத்தைத் திருப்பி நிதானமாகப் பார்த்தார். “காது நிறையத் தகரத்தூள் வச்சிருக்கே” என்றார். மஸ்தான் எழுந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தான். அவனுக்கு இன்னும் போதவில்லை.

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஏழுமலை குரல் கொடுத்தார். “எனக்கும் பாருங்க சார். மீனு கீனு எதுனா பூந்துகினு கீதான்னு.”

டாக்டர் அவர் காதையும் பார்த்தார். ஏழுமலை பல்லெல்லாம் காட்டிக்கொண்டு, “சோக்கா கீது நைனா, வலிக்கவே இல்ல. நீயும் காட்டு” என்றார். மஸ்தான் மெதுவாகத் திரும்பி, இடது காதை டாக்டர் பக்கம் கொடுத்தான். உதடு துடித்தது, கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கையை மட்டும் தூக்கவில்லை.

பார்த்து முடித்ததும் டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு கெட்டியாக இருக்காதாம், தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்குமாம். மாஸ்டாய்டு என்பார்கள். சளி காதுக்குள் போய்ச் சீழ் பிடித்து, அந்த அறைகளுக்குள் இறங்கி எலும்பையே அரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அடுத்தது மூளை. அங்கே போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இன்றே எலும்பைத் திறந்து சீழை எடுக்க வேண்டும்.

“எதால திறப்பீங்க?”

“சின்ன உளி, சின்ன சுத்தி.”

என் கடையில் இருக்கிற சாமான்கள்தான். உளி ஒரு நூல் தவறினால் தகரம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கேட்பாரற்ற ஒருவனை வைத்துப் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறார்களோ என்றும் தோன்றியது. நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “என் தம்பியாக இருந்தாலும் இன்றைக்கே செய்வேன்” என்றார். இப்படி எல்லோரும் சொல்லலாம். ஆனால் என் காதைப் பார்த்த டாக்டர் அவர் ஒருவர்தான். சம்மதித்தேன்.

குளோரோபாரம் என்கிற மயக்க மருந்தைத் துணியில் விட்டு மூக்கில் வைப்பார்கள். அதையும் முதலில் என் மூக்கில் வெறும் துணியாக வைத்துக் காட்டினார்கள். கதவு மூடியது. நானும் ஜுலைகாவும் வெளியே நின்றோம். அவள் ஓதிக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் ஓத வரவில்லை. உள்ளேயிருந்து சுத்திச் சத்தம் கேட்கிறதா என்று கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை கேட்டது. ஒருவேளை என் நெஞ்சுதான்.

பிழைத்தான். இன்னும் ஓரிரு நாள் போயிருந்தால் இல்லை என்று காது டாக்டர் சொன்னார். கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தால் அந்த ஓரிரு நாள் வழியிலேயே போயிருக்கும்.

காதுக்குப் பின்னால் பள்ளத்தில் மருந்துத் துணியைத் திணித்து, நாள்தோறும் உருவி மாற்ற வேண்டும். அது பெரிய வேதனை. ஒவ்வொரு தடவையும் என்னை உள்ளே விட்டு, முதலில் என் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டார் நர்ஸம்மா. இரண்டு பேரும் தலைக்கட்டோடு உட்கார்ந்திருப்போம். வருகிறவர்கள் என்னிடம், “உங்களுக்கு என்ன ஆப்பரேஷன் பாய்?” என்று விசாரித்தார்கள். ஏழுமலை, “அவருக்கு வாய்ல ஆப்பரேஷன், ஜாஸ்தி பேசறாருன்னு” என்றார். அவர் மனைவி குப்பத்திலிருந்து மீன் குழம்பு கொண்டுவருகிற நாளில் மஸ்தானுக்கும் ஒரு கிண்ணம் தனியாக வரும். முள்ளெடுத்துக் கொண்டுவருவாள். அந்தக் கிண்ணத்தைத் தன் கையால் தின்றான் என் தம்பி.

முதல் டாக்டர் ஒரு நாள் அந்தக் கட்டில் பக்கம் வந்தார். தலைக்கட்டைப் பார்த்தார். வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “எப்படிப்பா இருக்கே?” என்றார்.

“அல்ஹம்துலில்லா” என்றான் மஸ்தான்.

அவர் அதை எழுதிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். இடது காது கேட்பதில்லை. அதை நான் யார்மேலும் போடவில்லை. முன்னாலேயே பார்த்திருந்தாலும் போயிருக்கலாம் என்று காது டாக்டர் சொன்னார். நான் கேட்பது வேறு. குழாயடியில் குளிப்பாட்டத் துண்டோடு போனேன். மஸ்தான் என்னைப் பார்த்ததும் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து முன்னால் நீட்டினான். கட்டிப்போடு என்று.  பித்தான் போடுவதும் போய்விட்டது. நாங்கள் செய்வதற்காகக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறான். ஜுலைகா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அழைத்துப் போனேன். வாசலில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்காரர்களைப் போல வெள்ளைச் சட்டை. அவன் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று இரண்டு கையையும் நீட்டினான். ஸலாம் சொல்லிக் கை கொடுக்கிற முஸாபஹா செய்கிறான் என்று நினைத்துச் சிலர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு நாள் கம்பவுண்டர் ஆரஞ்சுப் பழக் கூடையோடு கடைக்கு வந்தார்.

“தம்பி நல்லாயிட்டானே, இன்னும் எதுக்கு பாய் இந்தப் பேச்சு? பேப்பருக்கெல்லாம் எழுதப் போறேன்னு சொல்றாங்களே.”

“அவனைப் பைத்தியம்னு எழுதி வச்சிருக்கீங்களே, அதை அடிச்சாச்சா?”

“டாக்டர் எழுதினா எழுதினதுதான். அதை எப்படி மாத்துவார்?”

அப்படியானால் நாளைக்கு மஸ்தானுக்கு வயிற்றுவலி வந்தாலும் அங்கே அவன் பைத்தியம்தான். மறுபடி கட்டு, மறுபடி கீழ்ப்பாக்கம் பேச்சு. நானும் ஜுலைகாவும் மண்ணுக்குள் போன பிறகு தலையணையைத் திருப்பிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? இந்தப் பட்டணத்தில் அவனைப் போலப் பேச வராதவர்கள் வீட்டுக்கு வீடு ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் காது உண்டு, பல் உண்டு, குடல் உண்டு. பழக்கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

டாக்டர் ஐயா, இனி உம்மிடம் நேரே பேசுகிறேன். உங்கள் ஆஸ்பத்திரியின் வருஷக் கூட்டம் வருகிறது. தருமம் கொடுத்தவர்கள் வருவார்கள், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், நீர் மேடையில் இருப்பீர். என் கடைக்கு இனி ஆள் அனுப்ப வேண்டாம். நான் மஸ்தானை அழைத்துக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்காருவேன். உமது வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அவன் எழுந்து இரண்டு கையையும் உம்மிடம் நீட்டுவான். அப்போது அந்தச் சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லும்: இவனுக்கு என்ன நோய் என்று கண்டு இவனைக் கட்டினீர்?